கிளப் ஹவுஸ் இடத்துல கெடைச்ச எலும்பு

ஞாயித்துக்கிழமை விருத்தாசலத்துல டீக்கடையெல்லாம் காலி. ஊரே ஜங்ஷனுக்குப் பின்னால இருக்கிற புது நகர்ல கூடிடுச்சு. என்ன விசேஷம்? வாஸ்து வித்தகர் தேவநாதன் தேங்காயோட வந்திருக்காரு! அவரு உள்ளங்கையில படுத்திருக்கிற தேங்காய், மண்ணுக்கடியில தோஷம் இருந்தா தானா எழுந்து நிக்குமாம். டிகிரி வாங்கினவங்களெல்லாம் செருப்பைக் கழட்டிட்டு நின்னாங்க.

மனை விக்கும்போது புரமோட்டர் தங்கதுரை படம் போட்டுக் காட்டியிருந்தாரு. நடுவுல கிளப் ஹவுஸு, படிக்க ஒரு ரூம், பிள்ளைங்களுக்கு விளையாட்டுத் திடல். தண்டவாளத்து ஓரமா பந்து ஆடுற பிள்ளைங்களுக்கு ஒரு இடம் ஆச்சேன்னுதான் பாதிப் பேரு வாங்கினதே. வித்தகர் கையில இருந்த தேங்காய், அங்கயே இருக்கிற தங்கதுரை ஆபீஸ் வாசல்ல சுகமாப் படுத்திருந்துது. கிளப் ஹவுஸ் இடத்துக்கு வந்ததும் விருட்டுன்னு எழுந்துடுச்சு. வேற எங்க எழும்?

தோண்டினாங்க. வெள்ளையா ஒரு துண்டு.

"எலும்பு! பழைய சுடுகாடு!" வித்தகர் அலறினாரு. "இங்க பிள்ளைங்க ஆடினா உசுருக்கு ஆவாது. மனையாப் பிரிச்சு வூடு கட்டிட்டா தோஷம் அடங்கிடும்."

தங்கதுரை கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. பாவம், கண்ணீர்தான் வரல.

செராமிக் கம்பெனியில வேலை பாக்கிற சாமிக்கண்ணு எலும்புக்குக் கற்பூரம் காட்டினாரு. "திடலே வேணாங்க. எம்புள்ள உசுரோட இருந்தாப் போதும்!"

திடல் வேணாம்னு எல்லாக் கையும் மேல போச்சு. கிளப் ஹவுஸுக்குப் பிளான் போட்ட மோகனப்பிரியாவுக்குப் பத்திக்கிட்டு வந்துது.

"ஏங்க, பிள்ளை ஆடினா ஆவாத மண்ணுல குடும்பமே படுத்துத் தூங்கலாமா?"

"சாஸ்திரத்தைக் கேள்வி கேக்கக் கூடாதும்மா!"

"சரி, கேக்கல. கழுவிப் பாக்கறேன்."

பக்கெட்டுத் தண்ணியில போட்டுத் தேய்ச்சாங்க. மண்ணு போச்சு. பளபளன்னு ஒரு குதிரைக்கால், கறுப்புப் பெயிண்டு அடிச்ச குளம்போட!

"சாமிக்கண்ணு அண்ணே, இது யாரு எலும்பு?"

அவரு கையில வாங்கிப் பொரட்டிப் பாத்தாரு. "ஐயையோ, எங்க கம்பெனிப் பொம்மைங்க! ஒடைஞ்சதை லாரியில அள்ளிப் போட்டதே நான்தாங்க. பள்ளம் ரொப்பணும்னு தங்கதுரை சாருதான் வாங்கினாரு."

"அப்ப ஆபீஸ் வாசலையும் தோண்டுங்க."

யானைத் தும்பிக்கை, கப்புக் காது, தலையில்லாத செட்டியாரு பொம்மை, எல்லாம் வந்துது. அங்க மட்டும் தேங்காய்க்குத் தூக்கம்!

வித்தகர் பஸ்ஸு ஏறப் பறந்தாரு. தங்கதுரையைச் சுத்தி நின்னு, அவரு கையாலயே திடலுக்கு எல்லை காட்டி அப்பவே முளைக்குச்சி அடிக்க வெச்சாங்க.

தன் கையால அள்ளிப் போட்ட பொம்மையோட காலுக்கே கற்பூரம் காட்டின புண்ணியவான்களே! பொம்மைக்கு மூளை வெக்கல, சரி. உங்களுக்கு இருக்குதே, அதை எப்பய்யா வெளியில எடுக்கப்போறீங்க?