சிக்ஸ் பி அண்ணன் வைக்காமல் விட்ட கண்கள்

போட்டோஸ்டேட் மெஷினின் மூடிக்குக் கீழே விளக்கு நகரும்போது ஒரு சத்தம் வரும், தொண்டை வறண்ட பூனை முனகுவதுபோல. நேற்று கூலாயில் ஒரு கடையில் அடையாள அட்டையை நகலெடுக்க நின்றபோது அந்த முனகல் கேட்டது. உடனே சிக்ஸ் பி அண்ணன் ஞாபகம். மலேசியாவின் இந்த ஜோகூரில் ஸ்கேனரைத் திட்டியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அதை மன்னிப்புக் கேட்கச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

உலு திராமில் ஒரு மாடிக்கடையில் நான் பேனர் வடிவமைத்துக்கொண்டிருந்த காலம். அண்ணன் சிங்கப்பூரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். மீதி நேரத்தில் எங்கள் கடைக்குச் சாமிப் படம் வரைந்து தருவார். காதில் எப்போதும் ஒரு சிக்ஸ் பி பென்சில். அது இல்லாமல் போனால் சிங்கப்பூர் எல்லைப் பாலத்தில் இவரை அடையாளம் தெரியாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கடையில் சொல்வோம்.

வரைவது மாஜோங் பேப்பர் என்ற பெரிய வெள்ளைத் தாளில். அது கட்டில் விரிப்பு அகலம். எங்கள் ஸ்கேனரோ சாப்பாட்டுத் தட்டு அகலம். எட்டுத் தடவையாக நகர்த்தி நகர்த்தி எடுத்து, கணினியில் ஒட்டவேண்டும். முதல் தடவை ஒட்டியதில் மாரியம்மனுக்கு ஒரு கையில் ஏழு விரல்.

"ஏன் தங்கச்சி, மோதிரம் நிறைய இருக்குன்னு நீயே ரெண்டு விரல் சேர்த்துட்டியா?"

"பேப்பர் நகந்துருச்சுண்ணே."

"பேப்பர் நகரல. உன் மெஷினுக்குக் கவனம் இல்ல. அம்மன்கிட்ட சாரி சொல்லச் சொல்லு."

சொல்லும்வரை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் மெஷின் சார்பில் நான்தான் சொன்னேன்.

அவர் கோடு சாம்பிராணிப் புகை மாதிரி. திரையில் வெளிச்சத்தைக் கூட்டினால் புகை கலைந்து அம்மனின் பாதி முகம் காணாமல் போகும். குறைத்தால் அவர் அழித்த கோடு, தே தாரிக் தேநீர்க் கறை, உள்ளங்கை வேர்வை எல்லாம் எழுந்து வரும். மறைத்ததைக் காட்டிக்கொடுத்து, காட்டியதை விழுங்கும் அந்தப் பெட்டியோடு நான் நாள்பூராவும் குடும்பம் நடத்தினேன்.

நிறம் இன்னொரு வம்பு. ஒருநாள் செம்பனை ஓலைக் கீற்றைக் கொண்டுவந்து திரையோரம் ஒட்டி, "அம்மன் சேலைக்கு இந்தப் பச்சை வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் ஆரம்பித்தேன். மத்தியானத்துக்குள் ஓலை வாடிவிட்டது. அதையே பார்த்துப் பார்த்து, சேலையும் என் கையால் வாடியிருந்தது.

"அலமாக், சேலைய வெயில்ல காயப்போட்டியா லா?" என்றவர், கீழே இறங்கிப் போய் இன்னொரு ஓலையோடு வந்தார்.

"இது பேனர் கடையா, செம்பனைத் தோட்டமா?" என்றார் பாஸ்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பிடிவாதம். வரைந்த படத்தில் கருவிழி வைக்கமாட்டார். சிலைக்குக் கண் திறப்பது கடைசியில்தானே, படத்துக்கும் அப்படித்தான் என்பார். "கண்ணைத் திறந்ததும் அவ முதல்ல பார்க்கிறது உன் ஸ்கேனர் லைட்டையா?" ஆகவே வெற்று விழிகளோடுதான் அச்சடிப்போம். பிறகு அவர் குளித்துவிட்டு வந்து, சூடம் காட்டி, ஒவ்வொரு பேனரிலும் தன் கையால் மை வைப்பார். நாலு பேனர், அஞ்சு பேனர் என்றால் நடக்கும்.

அந்த வருஷம் தீமிதிக்குக் கோயிலில் நாற்பது கேட்டார்கள். சனிக்கிழமை கட்டினால் போதும் என்று பேச்சு. நாற்பதுக்கும் கண் திறக்க அண்ணன் வெள்ளிக்கிழமை லீவு எடுத்திருந்தார். வியாழன் காலை கோயிலிலிருந்து போன்: இன்றைக்கு மாலையே வேண்டும். அண்ணன் வேலையில் இருந்தார், போனை எடுக்கவில்லை. பாஸ் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"கண்ணுதானே மா. நீயே போட்டுடு."

போட்டேன். அண்ணன் முந்தின வருஷம் கண் திறந்த காளி பேனரின் போட்டோ கணினியில் இருந்தது. அதிலிருந்து இரண்டு கருவிழிகளை வெட்டி எடுத்து இவளுக்கு ஒட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த வேகத்தை நினைத்தால் இன்றும் என் விரல்களை எனக்குப் பிடிப்பதில்லை.

மாலையில் பெரிய ரோட்டோரம் நாற்பது பேரும் வரிசையாகக் கம்பம் ஏறிவிட்டார்கள். அந்தக் காளியோ, காலடியில் கிடந்த அரக்கனைக் கீழ்க்கண்ணால் முறைத்தவள். இங்கே அரக்கன் இல்லை. நாற்பது அம்மன்களும் ரோட்டோரத்துக் கார் கழுவும் கடையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்த எல்லாரும் நல்லாருக்கு என்றார்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இத்தனை கசப்பு தங்கியிருக்காது.

வெள்ளி காலை அண்ணன் மாடியேறி வந்தார். வேட்டி, ஈரத் தலை, கையில் பிரிக்காத புது பிரஷ். பேனர் கட்டிய ரோட்டைத் தாண்டித்தானே வந்திருப்பார்.

"யாரு கண்ணு அது?"

"உங்களோடதுதாண்ணே. போன வருஷக் காளி."

"அது அரக்கனைப் பார்த்த பார்வை." குரல் உயரவில்லை. "இவ யாரைப் பார்க்கணும்னு நான் நேத்து பூரா வண்டி ஓட்டிக்கிட்டே யோசிச்சிட்டிருந்தேன்."

"டிஜிட்டல்னா அப்படித்தான் லா அண்ணே, நாளைக்கு வேணும்னா மாத்திக்கலாம்" என்றார் பாஸ். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் மாஜோங் பேப்பரைக் கேட்டார். கொடுத்தேன். வெற்று விழிகள் உள்பக்கமாக இருக்கும்படி, குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோல மெதுவாகச் சுருட்டினார்.

அதன்பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவே இல்லை. கோயில் பக்கம் இரண்டு தடவை தேடிப் போனேன். யோங் பெங்குக்குக் குடிபோய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த வெள்ளிக்கிழமை, சுருட்டிய படத்தோடு இறங்கியவர் பாதிப் படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கு தங்கச்சி. இன்னிக்கு லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போய்ப் படு."