பத்தாவது கட்டம்: கண்ணின் நிறம்

இந்த உலகத்தில் எந்த உயிரும் பெயர் வாங்கிய பிறகே உயிராகக் கருதப்படும். எங்கள் அலுவலக வாசலில் பெரிய எழுத்தில் இப்படித்தான் பலகை மாட்டியிருக்கிறார்கள். தினமும் அதை ஈரத்துணியால் துடைப்பவள் நான். அதனால் எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை.

அலுவலகத்தின் பெயர் உயிரினப் பெயர்ப் பதிவகம். ஏழு வருஷமாக அங்கே நான் தற்காலிகமாகக் கூட்டிப் பெருக்குகிறேன். என்னை நிரந்தரமாக்கச் சொல்லி ஒரு கோப்பு எப்போதோ கிளம்பியது. கிளம்பிய இடத்திலிருந்து பழைய கோப்பு அறை வரை வேகமாகப் போய், அங்கே ஒரு கட்டுக்குள் படுத்துவிட்டது. அந்த அறையின் கூரை ஒழுகும். கூரையைச் சரிசெய்யச் சொல்லும் பதினோரு வருஷத்துப் பழைய கோப்பும் அதே அறையில்தான், ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது.

ஒரு மாதம் நாலாம் தேதி காலையில் ஒரு அக்கா வந்தார். கல்லூரியில் பூச்சிப் பாடம் நடத்துகிறவர். மேசையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தார். வெறும் குப்பி என்று நினைத்துக் கழுவி வைக்கக் கை நீட்டினேன்.

"ஐயோ, தொடாதம்மா. அதுல ஆள் இருக்கு" என்றார்.

பிறகு ஒரு பூதக்கண்ணாடி கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ரவையில் கால்பங்கு இருக்கும். பிறந்த குழந்தையின் நகம் போல, உள்ளே தெரிகிற வெள்ளை. ஆறு கால், நீளமாக இரண்டு மீசை. வயிற்றுக்கு அடியில் ஒரு வாலை மடித்து வைத்திருக்குமாம். பயந்தால் அதைத் தரையில் தட்டி எம்பும். எங்கே போய் விழும் என்று அதற்கே தெரியாது. அக்கா அதை வால்துள்ளி என்றார். வால்துள்ளிகளில் ஆயிரக்கணக்கான வகை உண்டாம். ஆனால் இந்த வகை, ஊருக்கு வெளியே மலையில் இருக்கிற குகையைத் தவிர வேறெங்கும் கிடையாதாம். அதன் கால் மயிர்களை எண்ணி, நகங்களை வரைந்து, இது புதுசுதான் என்று நிச்சயம் பண்ணவே அவருக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது என்ன அவசரம் என்றால், அடுத்த மாதம் ஒண்ணாம் தேதி அந்தக் குகைக்குள் வேலை தொடங்குகிறார்கள். 'குகை அனுபவ மையம்' வரப்போகிறது. முன்பெல்லாம் குகையைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். இப்போது எதையும் சும்மா பார்க்க முடியாது, அனுபவித்தாக வேண்டும். அதற்காகத் தரைக்கு டைல்ஸ், சுவருக்குக் கலர் விளக்கு, ஈரத்தை வெளியே தள்ளப் பெரிய மின்விசிறிகள். வேறெங்கும் இல்லாத உயிர் உள்ளே இருப்பதாகப் பதிவு இருந்தால் மட்டும் வேலையை நிறுத்துவார்களாம். அக்கா போய்க் கட்டுமானப் பொறியாளரிடம் கேட்டிருக்கிறார்.

"பேர் இல்லாத பூச்சி செத்தா, செத்தது யாருன்னு நாங்க எழுதறது?" என்று கேட்டிருக்கிறார் பொறியாளர்.

நியாயமான கேள்வி. பலகையும் அதைத்தான் சொல்கிறது.

எங்கள் எழுத்தர் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டுதான் எதையும் படிப்பார். அதனால் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். அவர் விண்ணப்பத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"பத்தாவது கட்டம் காலியா இருக்கே மேடம்."

"அது கண்ணோட நிறம் சார். இதுக்குக் கண்ணே இல்ல."

"கண்ணு இல்லையா, நிறம் தெரியலையா? தெளிவாச் சொல்லுங்க."

"கண்ணே இல்ல சார். காலகாலமா இருட்டுல இருக்கு, தேவைப்படல."

"தேவைப்படலன்னு அது முடிவு பண்ணிச்சா, நீங்க முடிவு பண்ணீங்களா?"

அக்கா மூச்சை இழுத்து விட்டார். "இல்லைன்னு கையால எழுதிடறேனே சார்."

"கறுப்பு, பழுப்பு, நீலம், பச்சை. நாலுல ஒண்ணுக்கு டிக் போடணும். அஞ்சாவதா ஒண்ணு எழுதினா அது படிவத்தைத் திருத்தற குத்தம். கண்ணு இல்லைன்னு ஒரு கண் டாக்டர்கிட்ட சான்றிதழ் வாங்கிட்டு வாங்க, பார்க்கலாம்."

அக்கா குப்பியை எடுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போனார். டாக்டர் குப்பியை நாற்காலியில் வைத்து, விளக்கடித்து, முறைப்படி எல்லாம் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்த சீட்டை நானே கண்ணால் பார்த்தேன். 'நோயாளி எழுத்துப் பலகையை வாசிக்க மறுக்கிறார். கண்ணாடி அணியப் பரிந்துரைக்கப்படுகிறது.'

கண்ணாடிக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "கண்ணாடி போடச் சொல்லியிருக்கார் பாருங்க. கண்ணு இல்லாதவங்களுக்கு யாராவது கண்ணாடி எழுதுவாங்களா? நல்லாத் தேடிப் பாருங்க மேடம், எங்கயாவது இருக்கும்."

பத்தாவது கட்டம் அப்படியே நிற்க, மற்ற கட்டங்களுக்குப் போனார்கள். புகைப்படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும் என்றார். காது இல்லை என்றதற்கு, "அது வேற டாக்டர்" என்றார். முகவரியில் கதவு எண் கேட்டார். குகைக்குக் கதவு இல்லை என்றார் அக்கா.

"எத்தனை வருஷமாக் குடியிருக்கு?"

"சில லட்சம் வருஷமா."

"தொடர்ச்சியாவா? நடுவுல வெளியூர் ஏதும் போகலையே?"

"போனா செத்துடும் சார்."

"போகலைன்னு எழுதிக்கறேன். சரி, குப்பியில இருக்கறது உயிரோட இருக்கா?"

"இல்ல சார், மருந்துல போட்டிருக்கு."

"செத்ததைக் கொண்டாந்து உயிரினம்னா எப்படி மேடம்? உயிரோட அஞ்சு பேரை ஆஜர்படுத்துங்க."

மறுநாள் அக்கா ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் குகை மண்ணோடு ஐந்து பேரைக் கொண்டுவந்தார். கண்ணாடிக்காரர் மூடியில் வரவு எண் முத்திரை குத்தினார். விசாரணைத் தேதி வரும்வரை டப்பா பழைய கோப்பு அறையில் இருக்க வேண்டும் என்றார். எங்கள் அலுவலகத்தில் இருட்டும் ஈரமும் உள்ள ஒரே அறை அதுதான். தெரியாமல் அவர் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "உனக்குக் குழந்தை இருக்காம்மா?"

"மூணு வயசுல ஒரு பொண்ணுக்கா."

"அப்ப உனக்குப் புரியும். தினம் ரெண்டு சொட்டுத் தண்ணி, அவ்வளவுதான். விளக்குப் போடாதே. காஞ்சா அரை மணி நேரம் தாங்காது."

தினமும் இரண்டு சொட்டு விட்டேன். இருட்டில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் மூடியைத் திறக்கும்போது "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் திறப்பேன்.

இருபதாம் தேதி அந்தக் கோப்பு அறையிலேயே விசாரணை நடந்தது. கண்ணாடிக்காரர் டப்பாவைத் திறந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், ஒன்றுமே தெரியாமல் ஐந்து வரை எண்ணினார். 'ஐவரும் ஆஜர்' என்று எழுதினார். எண் உள்ளது எதுவோ அதுதான் ஆவணம் என்பது விதி. எண் மூடியில் இருந்தது. ஆகவே மூடியைத் துளை போட்டுக் கோப்பில் கட்டிக்கொண்டு, டப்பாவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் நான் போனபோது மண் மேலாகக் காய்ந்து வெடித்திருந்தது. டப்பாவில் யாரும் இல்லை. அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வரும்போதெல்லாம் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவேன்.

இருபத்தெட்டாம் தேதி கோப்பு பெரியவர் மேசைக்குப் போனது. பெரியவர்தான் அலுவலகத் தலைவர். நான் அங்கே தரை துடைத்துக்கொண்டிருக்கும்போதே அக்காவும் வந்துவிட்டார், நழுவ வழியில்லை.

"பூச்சிக்கு உங்க பேரையே வைக்கணும்னு மேடத்துக்கு ஆசை சார்" என்றார் கண்ணாடிக்காரர். அப்படி ஒரு ஆசை இருந்தது அக்காவுக்கு அப்போதுதான் தெரியும்.

பெரியவர் வெட்கப்பட்டார். "எதுக்கு அதெல்லாம்... சரி, வற்புறுத்தறீங்க" என்று விவரக் குறிப்பைக் கையில் எடுத்து உரக்கப் படித்தார். "கண் இல்லை. நிறம் இல்லை. வெளிச்சத்துக்கு வராது. தொட்டால் துள்ளி விலகும். அழுகலையும் பூஞ்சையையும் தின்று வாழும்."

நான் குனிந்து தரையை இன்னும் நன்றாகத் துடைத்தேன்.

"என் பேரைப் போட்டுக் கீழே இதை எழுதினா, என்னைத் தெரிஞ்சவங்க என்ன நினைப்பாங்க?"

"யாரும் ஒண்ணும் புதுசா நினைக்க மாட்டாங்க சார்" என்றார் கண்ணாடிக்காரர், ஆறுதலாக.

பெரியவர் பேனாவை எடுத்தார். 'பெரிய, ஒளிவீசும், பழுப்பு நிறக் கண்கள். பொன்னிற மேனி. கம்பீரமான நடை.'

"சார், இது வேற பூச்சி சார்!" என்றார் அக்கா.

"மேடம், ரெண்டே ரெண்டு வார்த்தை. இன்னிக்கே கையெழுத்து. இல்லன்னா குழு கூடணும். அது அடுத்த வருஷம்தான் கூடும். உங்களுக்குப் பூச்சியைக் காப்பாத்தணுமா, வேண்டாமா?" என்றார் பெரியவர்.

அக்கா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பேர் கிடைத்தால் போதும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். கையெழுத்துப் போட்டார். பத்தாவது கட்டத்தில் பழுப்புக்கு டிக் விழுந்தது. கண்ணாடிக்காரர், "நான்தான் சொன்னேன்ல, தேடினா இருக்கும்னு" என்றார்.

முப்பதாம் தேதி அக்கா பதிவுச் சான்றிதழோடு பொறியாளரிடம் ஓடினார். பொறியாளர் நல்ல மனுஷர். சட்டம் என்றால் சட்டம் என்று சொல்லி, நாலு பேரை டார்ச்சோடு குகைக்குள் அனுப்பினார். சாயங்காலம் அறிக்கை வந்துவிட்டது.

"பெரிய கண்ணு, பொன்னிறம், கம்பீர நடை. அப்படி ஒண்ணும் இல்லையே மேடம்."

"இதோ, இந்தக் குப்பியில இருக்கறதுதான் சார் அது!"

"இதுக்குக் கண்ணே இல்லையே."

"அதைத்தான் சார் நானும் ஒரு மாசமா சொல்றேன்!"

"பதிவுல கண்ணு இருக்கு மேடம். அப்ப இது பதிவுல இல்லாத பூச்சி. இதுக்குப் பேர் என்ன?"

ஒண்ணாம் தேதி டைல்ஸ் இறங்கியது. ஐந்தாறு வாரத்தில் மையம் திறந்தாயிற்று. வாசலில் ஆள் உயரத்துக்குப் பொன்னிற வால்துள்ளி சிலை. உருண்டைக் கண், கண்ணில் நீள நீள இமை. கீழே 'அரிய உயிரைக் காப்போம்'. அதன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கிறது. அதே படம் போட்ட பனியனை ஊரே போட்டுக்கொண்டு திரிந்தது. அலுவலகத்தில் எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை, அளவு பிடித்து மகளுக்குப் போட்டுவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அக்கா வந்தார். இளைத்திருந்தார். "அந்த டப்பாவைக் கொடும்மா. உலகத்துல மிச்சம் அந்த அஞ்சுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூடி கோப்புக்குப் போனது, மண் காய்ந்தது, நான் ஓடி ஒளிந்தது எல்லாம் சொன்னேன். அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கோப்பு அறைக்குப் போய், ஒழுகும் இடத்துக்குப் பக்கத்தில் சோர்ந்துபோய் உட்கார்ந்து, கூரைக் கோப்பின்மேல் கையை வைத்தார்.

ஏதோ ஒன்று எம்பி அவர் புறங்கையில் விழுந்தது.

அக்கா அசையவில்லை. கதவிடுக்கில் வந்த வெளிச்சத்தில் மெல்லப் பூதக்கண்ணாடியை எடுத்தார். கோப்பின் ஓரத்தைப் பிரித்தார். பூஞ்சை படர்ந்த காகிதம் முழுக்க வெள்ளைப் பொடி தூவினது போல் நகர்ந்துகொண்டிருந்தது.

"எத்தனைக்கா?"

"எண்ண முடியலடி. குட்டியும் குஞ்சுமா இருக்கு. குகையை விட இங்க நல்லாச் சாப்பிடுது." சிரித்தார், மூக்கை உறிஞ்சினார். "வெளிச்சம் இல்ல, காத்து இல்ல, பதினோரு வருஷமா யாரும் கை வைக்கல. இனியும் வைக்க மாட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாதே. தப்பித்தவறி விண்ணப்பம் மட்டும் போட்டுடாதே!"

அடுத்த வாரம் பெரியவருக்குப் பதவி உயர்வு வந்தது. பூச்சி தந்த புகழ். சந்தோஷத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏழு வருஷமா உன் கோப்பு எங்கயோ கிடக்காமே? கோப்புக் கட்டுகளையெல்லாம் அவிழ்த்து வெயில்ல காயப் போடு. கூரையையும் பூசச் சொல்லிட்டேன். நாளைக்கே கையெழுத்துப் போட்டுட்டுத்தான் நான் கிளம்புவேன்."

பெரியவரிடம் நான் இதுவரை "சரிங்க சார்" தவிர எதுவும் பேசியதில்லை. கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் என்ற வார்த்தை காதிலேயே இருந்தது.

"சார்... கட்டு அவிழ்க்க மேலிடத்து அனுமதி வேணும்ல சார்?"

"என்னது?"

"கூரைக் கோப்பு முடிவாகாம கூரையைத் தொட்டா, அந்தக் கோப்பு அவமதிப்பு ஆயிடும்ல சார்? முதல்ல ஒரு விண்ணப்பம் வரட்டும் சார்."

பெரியவர் என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. "சரியாச் சொன்ன. எழுதிக் குடு."

எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுத்தேன். கண்ணாடிக்காரர் வாங்கி, எண் போட்டு, "வாங்கம்மா, உட்காருங்க" என்றார். ஏழு வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான். நிரந்தரம் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. பிறகு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போய், ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே, எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தார்.

அவர் போனதும் நான் உள்ளே போய் அதன்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். கதவிடுக்கு வெளிச்சத்தில், அக்கா கொடுத்துவிட்டுப் போன பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று எம்பி வந்து என் பெயர் எழுதிய இடத்தில் விழுந்தது. மீசையால் தடவித் தடவி, ஒரு எழுத்து விடாமல் போனது.

அந்த அலுவலகத்தில் என் கோப்பை முழுசாகப் பார்த்த முதல் ஆள் அதுதான்.