மூன்று தரம் போட்ட உப்பு

கேமராவைக் கண்டதும் கை தானாகத் தலைமயிரைக் கோதாத மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. என் தலையில் கோத ஒன்றுமில்லை. அதனால் கை வேறு வேலை பார்த்தது.

அப்போது நான் மட்டக்களப்பு வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் இரண்டாவது செஃப். தலைமை செஃப் ஓய்வு பெறவிருந்தார். தொழில்முறைச் சமையற்காரர்களுக்கான தொலைக்காட்சிப் போட்டிக்கு நான் தெரிவானதும் முதலாளி சொன்னார்:

"இறுதிச் சுற்றுக்கு மட்டும் வந்திரு. அந்த இடம் உனக்குத்தான்."

அன்றிலிருந்தே தலைமை செஃப் போல நடக்கத் தொடங்கிவிட்டேன். (தொந்தி ஏற்கெனவே தயாராக இருந்தது.)

கொழும்பில் அரையிறுதி. சொந்த ஊர்ச் சாப்பாடு செய்ய வேண்டும். நண்டுக் கறி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, படப்பிடிப்பு வெள்ளிக்கிழமை. மகள் சுகமாகப் பிறக்க வேண்டும் என்று நான் வைத்த நேர்த்தியின்படி, வெள்ளிக்கிழமைகளில் மீன், நண்டு, இறைச்சி என்று எந்த மச்சமும் என் நாக்கில் படாது. ஹோட்டலில் அது பிரச்சினையே இல்லை. அன்றைக்கு என் கறிகளை உதவியாளர் ரபீக் ருசி பார்ப்பார். ஏறாவூர்க்காரர், பொல்லாத நாக்கு. அவர் முதல் நாளே தொலைபேசியில் எச்சரித்தார்.

"அண்ணன், மரக்கறியா ஏதும் மாத்திக் கேளுங்க."

"எத்தின வருசமா நண்டு ஆக்குறன், ரபீக்! உப்பு என்ட கைக்குத் தெரியும்."

தெரியும்தான். கறி கொதித்ததும் கை சரியான அளவைப் போட்டது. உடனே "கட்!" என்றார் இயக்குநர்.

"அண்ணா, ஷொட் விழல்ல. இன்னொருக்கா, கொஞ்சம் உயரத்தில இருந்து போடுங்க."

போட்டேன். விளக்கொளியில் உப்பு மினுங்கிக்கொண்டு விழுந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"சூப்பர்! அப்படியே ஒரு குளோசப்."

மூன்றாவது தரம் ஒற்றைப் புருவத்தை உயர்த்தி, முழங்கையை மடித்து, மழை பெய்வது போலத் தூவினேன். (சும்மா கையை ஆட்டியிருக்கலாம். எனக்கு நடிப்பிலும் நேர்மை முக்கியம்.) எல்லாம் ஒரே சட்டிக்குள்தான் போகிறது என்பது ஏனோ எனக்கு உறைக்கவில்லை.

தொகுப்பாளினி வந்து, "ருசி பார்க்கவே இல்லையே?" என்றார். நேர்த்தி என்று சொல்லியிருந்தால் யாராவது ஒருவர் ருசி பார்த்துச் சொல்லியிருப்பார். நான் மார்பை நிமிர்த்தினேன்.

"கை பழகினவனுக்கு நாக்கு எதுக்கு?"

அரங்கமே கைதட்டியது.

நடுவர் ஒரு வாய் வைத்தார். தண்ணீர் குடித்தார். பக்கத்து நடுவரின் தண்ணீரையும் குடித்தார். பிறகு பணிவாகக் கேட்டார்:

"தம்பி, இந்த நண்டு வாவியில பிடிச்சதா, உப்பளத்தில பிடிச்சதா?"

கட்டியிருந்த ஏப்ரனை முகம்வரை இழுத்து மூடிக்கொள்ளலாம் போல அவமானமாக இருந்தது. அதோடு நான் வெளியே. ஒளிபரப்பில் அந்த உப்பு மழையை இசையோடு மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார்கள்.

தலைமை செஃப் பதவி ரபீக்குக்குப் போனது. தகுதியான ஆள், குறை சொல்ல முடியாது. இப்போது வாரம் ஏழு நாளும் அவருடைய கரண்டி படாமல் என் கறி மேசைக்குப் போவதில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் மகள் பெருமையோடு தொடங்கிவிடுவாள்:

"எனக்கு வச்ச நேர்த்தியாலதான் அப்பா தோத்தவர்."

நானும் தியாகி முகத்தோடு தலையை ஆட்டுவேன். குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வரும்:

"ஓம் மகள். மற்ற ரெண்டு தரம் போட்ட உப்பும் எந்தச் சாமிக்கு நேர்ந்ததெண்டு அப்பாட்டக் கேளு!"