ராக் கச்சேரிக்கு ஒரு வாங்க

இந்த ஜென்மத்துல தேவாவை நான் வான்னு கூப்பிட மாட்டேன். எழுதி வச்சுக்குங்க. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல போஸ்டரா ஒட்டணும்னாலும் ஒட்டிக்குங்க. பசை செலவு என்னுது.

தேவா யாருன்னா, என் பொண்டாட்டி ஷோபனாவோட தம்பி. ஆவடியில டேங்க் ஃபேக்டரியில வேலை. குவார்ட்டர்ஸ்ல குடும்பம். குவார்ட்டர்ஸ் சங்கத்துக்குச் செயலாளர் வேற. போன வருஷம் அவன் பொண்ணு கல்யாணம். மண்டப வாசல்ல நின்னுகினு வர்றவன் போறவனையெல்லாம் கை கூப்பி ‘வாங்க வாங்க’ன்னு கூப்பிட்டுகினு இருந்தான். தண்ணி கேன் தூக்கிகினு வந்தவனைக்கூட ‘வாங்க’ன்னான். நான் பட்டு வேட்டி கட்டிகினு எதுர்ல போய் நிக்கிறேன். கூடப் பொறந்த அக்கா புருஷன்! என் மூஞ்சியைப் பார்த்தான். சட்டுனு திரும்பி சமையல்காரன்கிட்ட சாம்பாரைப் பத்தி விசாரிக்கிறான்! ‘வாங்க மாமா’ன்னு ஒரு வார்த்தை வரல. அப்படியே திரும்பிட்டேன். சாப்பிடல. பாயச வாசனை மட்டும் கேட் வரைக்கும் பின்னாடியே வந்து கூப்பிட்டுது. பாயசத்துக்கு இருந்த மரியாதை அவனுக்கு இல்ல.

“அவன் உங்களைக் கவனிச்சிருக்க மாட்டான்ங்க”ன்னா ஷோபனா.

“கவனிக்கலையா? நான் இன்னா கொசுவா?”

“கொசுவா இருந்தா கவனிச்சிருப்பான்.”

இந்த மாதிரி ஒருத்தியைக் கட்டிகினு எவனாவது கோவப்படாம இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க. அன்னிக்குப் போட்டதுதான் அந்தச் சபதம்.

சரி, சமாசாரத்துக்கு வர்றேன். எனக்குத் தொழில் நாற்காலி வாடகை. பாரிவாக்கத்துல ‘கஜபதி பந்தல்’னு போர்டு பார்த்திருப்பீங்க. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி, எதுன்னாலும் ஊர் உக்கார்றது என் நாற்காலியிலதான். ஒருநாள் கோகுல்நாத்னு ஒரு பையன் வந்தான். தலையில என் பொண்டாட்டியைவிடப் பெரிய கொண்டை.

“ராக் கான்செர்ட் சார். நசரத்பேட்டை தாண்டி ஹைவே ஓரமா கிரவுண்டு. ரொம்பப் பெரிய பாடகர். கிரவுண்டு முழுக்க நாற்காலி வேணும்.”

“ராக்குன்னா எல்லாரும் நின்னுகினு குதிப்பாங்களேப்பா?”

“குதிப்பாங்க சார்.”

“அப்புறம் நாற்காலி எதுக்கு?”

“சீட் நம்பர் போட்டாத்தான் சார் டிக்கெட் விலையை ஏத்த முடியும்.”

பொழைக்கத் தெரிஞ்ச பையன்னு நினைச்சேன். அம்பத்தூர்லேருந்து ஐயப்பன்தாங்கல் வரைக்கும் ஒரு பந்தல் கடை விடாம, என் வாய் வார்த்தையை நம்பி நாற்காலி குடுத்தாங்க. கிரவுண்டுல கொண்டு போய் அடுக்கினா, ஒரு கோடியில நின்னு பார்த்தா மறு கோடி தெரியல.

கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கசொல்ல கோகுல்நாத் திரும்ப வந்தான். கொண்டை அவுந்து தொங்குது.

“டிக்கெட் போகவே மாட்டேங்குது சார். முக்கால் கிரவுண்டு காலி.”

“அதுக்கு?”

“நம்ம பாடகர் ரொம்ப மனசு நொந்துக்கிற ஆள் சார். கேரவன்லேருந்து எட்டிப் பார்ப்பார். காலி நாற்காலி கண்ணுல பட்டுதுன்னா இறங்க மாட்டார். போன ஊர்ல அப்படித்தான் வந்த வண்டியிலேயே திரும்பிட்டார்.”

எனக்குச் சுர்ருனு ஏறிச்சு. அந்தப் பாடகனுக்கு இந்தக் கச்சேரி போச்சுன்னா இன்னொரு கச்சேரி. எனக்கு? நாளைக்கு எவனாவது போட்டோ எடுத்துப் போடுவான். ‘கஜபதி நாற்காலியில ஒரு ஈ கூட உக்காரல’ன்னு ஊரே சிரிக்கும். அப்புறம் எந்தக் கட்சிக்காரன் என்னைக் கூப்பிடுவான்?

“நிறுத்துய்யா அழுவுறதை! பாஸை இப்படிக் குடு. நான் நிரப்பிக் காட்டுறேன்.”

கட்டுக் கட்டா ஓசி பாஸ். எடுத்துகினு கிளம்பினேன். ஆட்டோ ஸ்டாண்டுல நீட்டினேன். “அண்ணாத்தே, எங்க ஊட்லயே தெனம் ராக்குதான் நடக்குது, அதுக்கு நசரத்பேட்டை வேற வரணுமா?”ன்னான் ஒருத்தன். ஐயப்பன்தாங்கல் டெப்போவாண்ட காலேஜ் பசங்க நின்னுகினு இருந்தாங்க. “மறுநாள் போன்ல வந்துரும் அங்கிள்”னு காதுல மாட்டினதைக் கழட்டாமலே சொன்னானுங்க. இன்னொருத்தன், “பிரியாணி உண்டா?”ன்னான். இல்லன்னேன். “பிரியாணி இல்லாத கூட்டத்துக்கு எவன் வருவான்?”னு என்னையே முறைக்கிறான்!

பூந்தமல்லியில நம்ம ஹபிபுல்லா பாய் ஓட்டல்ல கல்லா மேல ஒரு கட்டு வச்சுட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தா, சாப்பிட வந்த குழந்தைங்க அதுல விசிறி பண்ணி விளையாடுதுங்க.

“கஜா, ஓசின்னு நீட்டினா நம்ம ஜனம் சந்தேகப்படும். கூப்பிடுற விதமாக் கூப்பிட்டாத்தான் வரும். உனக்குக் கூப்பிடத் தெரியல”ன்னார் பாய்.

எனக்கா கூப்பிடத் தெரியல? கத்திகினே ஊட்டுக்கு வந்தேன்.

“ஜனமாடி இது? காசுன்னாலும் வரமாட்டான், ஓசின்னாலும் வரமாட்டான்! கடையில ஒரு டீக்கு மூணு பேர் சண்டை போடுறான், பாட்டு கேக்க ஒருத்தனுக்கு வலிக்குது!”

“கத்தாதீங்க, பிரஷர் ஏறும்.”

“ஏறட்டும்! டிக்கெட் விற்பனைதான் ஏறல, அதுவாவது ஏறட்டும்!”

ஷோபனா முருங்கைக்கீரை உருவிகினு இருந்தா. தலையைக்கூட நிமித்தல.

“பாஸை நோட்டீஸ் மாதிரி நீட்டினா எவன்ங்க வருவான்? தட்டுல வெத்தலை பாக்கு வச்சு, குங்குமம் குடுத்து, ‘குடும்பத்தோட வந்துரணும்’னு ஊடு ஊடாப் போய் அழைக்கணும். அழைச்சும் போகலன்னா நாளைக்கு நம்ம ஊட்டு விசேஷத்துக்கு இவங்க வரமாட்டாங்களேன்னு ஒரு பயம் வரணும். அப்பத்தான் வருவாங்க.”

“ராக்குக்கு வெத்தலை பாக்கா? ஏண்டி, பைத்தியமா உனக்கு?”

“அப்ப உங்க நாற்காலியில நீங்களே மாத்தி மாத்தி உக்காந்துக்குங்க.”

ஒத்துகினேன். வேற வழி? அவ கண்டிஷன் போட்டா. அவளும் அவ சிநேகிதிங்களும் தட்டெடுத்துகினு அழைப்பாங்க. கல்யாணத்துல நிக்கிற மாதிரி நான் வாசல்ல நிக்கணும். சந்தனம் குடுத்து, பன்னீர் தெளிச்சு, வாய் நிறைய ‘வாங்க’ன்னு கூப்பிடணும்.

எனக்கு மூளை பளிச்சுனு வேலை செஞ்சுது. என்னை ஏமாத்த முடியுமா?

“உன் தம்பியைக் கூப்பிட மாட்டேன்னு கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணு.”

கீரையைத் தள்ளி வச்சா. கற்பூரம் ஏத்தினா, அணைச்சா. “என் வாயால தேவாவைக் கூப்பிட மாட்டேன்.” ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். அன்னிக்கு ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

அப்புறம் போனை நீட்டினா. “நேர்ல போக முடியாதவங்களுக்கு அனுப்பணும், ரெண்டு வார்த்தை பேசுங்க.” பேசினேன். “கோவம் தெரியுதுங்க, சிரிச்சுகினு பேசுங்க”ன்னா. திரும்பப் பேசினேன். “சொந்தபந்தங்களே, உங்க கஜபதி பேசுறேன். இது நம்ம ஊட்டு விசேஷம். பழசு எதையும் மனசுல வச்சுக்காம ஒருத்தர் விடாம எல்லாரும் வாங்க.” அந்தப் ‘பழசு’ எதுக்குன்னு கேட்டேன். “ஒரு அழகுக்குங்க”ன்னா. நானும் தலையை ஆட்டினேன். இப்ப நினைச்சாலும் என் தலையை நானே சுவத்துல முட்டிக்கணும் போல வருது.

ஞாயித்துக்கிழமை, கச்சேரி அன்னிக்குச் சாயங்காலம் கிரவுண்டு வாசல்ல நிக்கிறேன். ஒரு கையில சந்தனக் கிண்ணம், ஒரு கையில பன்னீர்ச் சொம்பு. நான் கூப்பிடுறது உள்ள கேட்டா களை கட்டும்னு கோகுல்நாத் என் சட்டையில ஒரு மைக்கை வேற குத்தி வச்சான். ஜனம் வந்துது பாருங்க! பட்டுப்புடவை, மல்லிப்பூ, கை நிறைய வளையல். ஹபிபுல்லா பாய் அத்தர் மணக்க சம்சாரம் மஹ்பூபா அம்மாவோட வந்தார். ஒரு பெரியவர், “பொண்ணு மாப்ள எந்தப் பக்கம்?”னு கேட்டார். மேடையைக் காட்டி உள்ள அனுப்பினேன். வாங்க வாங்கன்னு தொண்டை வறண்டுபோச்சு. அப்படியும் இடது பக்கம்தான் நிரம்பிச்சு. வலது பக்கம் வெறிச்சுனு கிடக்குது.

கோகுல்நாத் ஓடி வந்தான். “சார், எட்டிப் பார்த்துட்டார்! வலது பக்கம் ஏன் காலின்னு கேக்கிறார்!”

அப்பத்தான் ஆவடிப் பக்கத்துலேருந்து வரிசையா மூணு பஸ் வந்து நின்னுது. அப்பாடான்னு மூச்சு விட்டேன். பஸ் கதவு திறந்துது. முதல்ல இறங்கினது தேவா.

வெள்ளைச் சட்டை. பின்னாடி மொத்த குவார்ட்டர்ஸும். நேரா என் எதுர்ல வந்து நின்னான். நான் சந்தனத்தைக் கலக்க ஆரம்பிச்சேன். அவன் நகரல. அவன் பின்னாடி நிக்கிற ஜனமும் நகரல. அவனைத் தாண்டி ஒரு அம்மாவைப் பார்த்து, “நீங்க வாங்கம்மா”ன்னேன்.

“செயலாளரையே கூப்பிடல, நாங்க எப்படிங்க வர்றது?”ன்னுது அந்த அம்மா.

“சார்!” கோகுல்நாத் அழுவுறான். “பாடகர் ஷூவைக் கழட்டுறார் சார்! செருப்பு மாட்டிட்டாருன்னா கிளம்பிடுவார்! ஒரே ஒரு வார்த்தை சார்!”

உள்ள பார்த்தேன். அத்தனை நாற்காலியும் வாயைத் திறந்துகினு என்னையே பார்க்கிற மாதிரி இருந்துது. நம்பிக் குடுத்த அம்பத்தூர்க்காரனுங்க மூஞ்சியெல்லாம் வரிசையா வந்துது. பல்லைக் கடிச்சுகினேன்.

“வா.”

“இன்னா மாமா? காதுல விழல.”

“வாங்கடா!”

“டாவா?”ன்னான்.

“வாங்க! வாங்க! வாங்க தேவா!” கிரவுண்டே அதிர்ந்துது. மைக் சட்டையில இருக்கிறதை மறந்தே போயிட்டேன். உள்ள இருந்த ஜனம் கை தட்டுது. மேடையில எவனோ டிரம்ஸை வேற ஒரு தட்டு தட்டுறான். தேவா என்னைக் கட்டிப் பிடிச்சான். “இதுக்குத்தான் மாமா காத்துகினு இருந்தேன்”னு சொல்லசொல்ல அவன் குரல் உடைஞ்சுது. நானும் பன்னீர்ச் சொம்போட அவனை இறுக்கிப் பிடிச்சேன். கோவம்தான். வேற ஒண்ணும் இல்ல.

வலது பக்கம் நிரம்பிச்சு. பாடகர் வந்தார், கத்தினார், குதிச்சார். நம்ம ஜனம் ஒருத்தர் எழுந்திருக்கல. மடியில கை வச்சுகினு மரியாதையா உக்காந்து கேட்டுது. இப்படி ஒரு அடக்கமான ரசிகருங்களை உலகத்துல எங்கயும் பார்க்கலன்னு அவர் மேடையிலேயே கண்ணைத் துடைச்சார்.

நான் நேரா முன் வரிசைக்குப் போனேன். ஷோபனா காலை நீட்டிகினு உக்காந்திருந்தா.

“கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணினியேடி!”

“ஆமா. என் வாயாலயா கூப்பிட்டேன்? உங்க வாயால கூப்பிட்டீங்க.” போனைத் தட்டினா. ‘பழசு எதையும் மனசுல வச்சுக்காம’ன்னு என் குரலே எனக்குப் பாடம் நடத்துது.

“அது ஊருக்குச் சொன்னது!”

“அவன் மட்டும் காட்டுலயா கீறான்? எல்லாருக்கும் ஒருதரம் அனுப்பினேன், அவனுக்கு ரெண்டுதரம்.”

“சரி, கூப்பிட்டாச்சு. அத்தோட சரி. அவன் ஊட்டு வாசப்படியில என் கால் படாது, சொல்லிட்டேன்!”

“பட வேணாங்க. அவனுக்கு ஊடே இல்லையே. வி.ஆர்.எஸ். வாங்கிட்டான், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். நம்ம மாடி சும்மாத்தான பூட்டிக் கிடக்குது, வாடான்னேன். ‘மாமா வாயைத் திறந்து வாங்கன்னு சொல்லாம அந்தப் படி ஏற மாட்டேன்’னு ஒரே ரோஷம் அவனுக்கு. ஊர் கேக்க மைக்குலயே சொல்லிட்டீங்க.”

“நான் கூப்பிட்டது பாட்டு கேக்க! குடி வர இல்ல! மாடிச் சாவி என்னாண்ட கீது. அவன் ஒரு தட்டுமுட்டுச் சாமானை எப்படி ஏத்துறான்னு நானும் பார்க்கிறேன்!”

ஷோபனா மேடையிலேருந்து கண்ணை எடுக்கல.

“இன்னொரு சாவி என்னாண்ட கீதுங்க. நாற்காலியை இறக்கினதுலேருந்து உங்க லாரி சும்மாத்தான நின்னுகினு இருந்துது. மத்தியானமே சாமான் எல்லாம் மாடிக்கு ஏத்தியாச்சு. அவன் ஒருத்தன்தான் பாக்கி.”