நடுங்கும் பிரம்பும் இருபது சாக்குகளும்

1926ஆம் வருஷம் ஆவணி மாதம், மலாயாவில் ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வரை தமிழர்கள் வாயில் கிடந்ததெல்லாம் ஒரு பிரம்புதான். நுனியில் எலுமிச்சம்பழம் குத்திய பிரம்பு. சூனியம் இருக்கும் இடத்தில் அது தானாக நடுங்குமாம். அதைப் பிடித்திருந்தவர் பிரம்புச் சாமியார். நடுங்குவது பிரம்பா, கையா என்று கேட்டால் நாக்கு அழுகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே எல்லோரும் நாக்கைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் புண்ணியவான் வாடகை மோட்டாரில் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்துக்கு வந்து இறங்கினார். அங்கே ரப்பர் மரங்கள் ஒவ்வொன்றாகப் பால் வற்றிப்போயிருந்தன. லயத்து வரிசை வீட்டுச் சனம் கோழியும் தேங்காயுமாய்ப் பின்னால் நடக்க, சாமியார் நிரை நிரையாகப் போனார். ராக்காயி பால் வெட்டும் நிரையில் பிரம்பு நடுங்கியது. ஒன்பது மரத்தில் ஒன்பது தரம். கங்காணி பழனியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதல் நாள் சாயங்காலம் அதே ஒன்பது மரத்தையும் சாமியாருக்குச் சுற்றிக் காட்டியவரும் அவர்தான். பக்தி என்றால் அப்படித்தான், முன்னேற்பாடு வேண்டும்.

தீர்ப்பு உடனே வந்தது. ராக்காயி மரத்தின் பாலைக் கட்டிவிட்டாள். செவ்வாய்க்கிழமைக்குள் அவள் தலைமயிரை அறுத்துத் தோட்டத்தை விட்டுத் துரத்த வேண்டும். புருஷன் செத்தவள், கேட்க நாதியில்லை. குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள்.

மரங்கள் ஏன் வற்றின என்று பார்க்கச் சதாசிவம் வந்தது திங்கட்கிழமை. கோயம்புத்தூரில் விவசாயம் படித்து, ரப்பர் மர நோய்களை ஆராய வந்தவர். ஞாயிறுதோறும் ஈப்போவில் தோட்டப் பள்ளி வாத்தியார்களுக்கு வேரையும் மண்ணையும் பற்றிப் பாடம் நடத்துவார். பிற்காலத்தில் ஊர் திரும்பி ஒரு நகரத்துக்கே மேயரானார். ஆனால் அன்றைக்கு அவர் இருபத்தொன்பது வயது இளைஞர்; கையில் ஒரு பூதக்கண்ணாடி, அவ்வளவுதான்.

வற்றிய மரத்தின் பட்டையைச் சீவிப் பார்த்தார். உள்ளே பழுப்பேறிக் கிடந்தது. ஒரு வெட்டுப் போட வேண்டிய ஒவ்வொரு மரத்திலும் இரண்டு வெட்டு. அதிகப் பால் காட்டித் துரையிடம் நல்ல பேர் வாங்கக் கங்காணிதான் இரண்டு வருஷமாக அப்படி வெட்டச் சொன்னார் என்று ராக்காயி சொன்னாள். சூனியம் வைத்தாயா என்று அவளிடம் சதாசிவம் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

“எனக்குச் சூனியம் வைக்கத் தெரிஞ்சா, மரத்தையா கட்டுவேன் ஐயா? முதல்ல கங்காணி வாயைக் கட்டியிருப்பேன்.”

மரத்துக்கு வந்தது களைப்பு, ஓய்வு கொடுத்தால் தேறும் என்று அவர் லயத்தில் எடுத்துச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. காகிதம் படித்தவருக்குக் காட்டேரியைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். ஊரிலேயே பெரிய பக்தை காளியம்மா. சாமியாருக்கு ஏழு கோழி கொடுத்தவள். அவள் சதாசிவத்தைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

மறுநாள் செவ்வாய். கத்திரிக்கோல் தயாராக இருந்தது. சதாசிவம் கூட்டத்தின் நடுவே போய்ச் சாமியாரைக் கும்பிட்டார்.

“சாமி, உங்க பிரம்பு மரத்தப் பாத்து நடுங்குதா, உள்ள இருக்கிற சூனியத்தப் பாத்து நடுங்குதா?”

“சூனியத்தப் பாத்துத்தான்.”

“அப்ப மரத்துல சாக்கைச் சுத்தினா ஒண்ணும் குறையாதே?”

இத்தனை சனத்துக்கு முன்னால் குறையும் என்று எந்தச் சாமியார் சொல்வார்?

சாமியார் கால் படாத பின்காட்டில் இருபது மரங்களைச் சதாசிவம் விடியலிலேயே தேர்ந்தெடுத்திருந்தார். ஏழு வற்றியவை, பதின்மூன்று நல்லவை. பால் பிடிக்கும் மங்குகளைக் கழற்றிவிட்டு, அடியிலிருந்து ஆள் உயரத்துக்குச் சாக்கு சுற்றியிருந்தார். எதெது வற்றியது என்று பிரம்பே நடுங்கிக் காட்டட்டும் என்பது ஏற்பாடு. தன் முகத்தைப் பார்த்துச் சாமியார் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று மரங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். குருட்டாம்போக்கில் நாலைந்து சரியாகிவிட்டால் ராக்காயியின் கதி என்ன?

கங்காணிக்கு அன்று பார்த்து ஒரு இருமல். முதல் வற்றிய மரத்தைச் சாமியார் நெருங்கும்போதுதான் வந்தது. அந்தக் காட்டில் எது வற்றியது என்று அவருக்கு அத்துபடி. இரண்டாவது இருமல் வருவதற்குள் சதாசிவம் அவரை மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகு பிரம்பு ரொம்ப நேரம் யோசித்தது.

கடைசியில் எட்டு மரத்தில் நடுங்கியது. எட்டிலும் காளியம்மாவே சுண்ணாம்பால் புள்ளி வைத்தாள். சாக்குகளை அவிழ்த்தார்கள். பால் வெட்டும் உளியை எடுத்துக் கீறியவளும் அவளே. முதல் மரத்தில் ஒரு சொட்டு இல்லை; கூட்டம் அரகரா என்றது. அதுதான் கங்காணி இருமிய மரம். இரண்டாவதில் பால் ஒழுகியது. மூன்றாவதில் ஒழுகியது. எட்டாவதில் அவள் விரல் இடுக்கெல்லாம் பால். புள்ளி இல்லாத மரங்களைக் கீறினாள். அவற்றில் ஆறு கட்டைபோல நின்றன.

“சாக்கு சக்தியை மறைச்சிருச்சு,” என்றார் சாமியார்.

காளியம்மா உளியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “மண்ணுக்குள்ள புதைச்சது தெரியும், மனசுக்குள்ள நினைச்சது தெரியும்னீங்க. சாக்குக்குப் பின்னால இருக்கிறது தெரியலையா, சாமி?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பிரம்பைப் பிடுங்கி, பால் வற்றிய மரத்தடியில் நட்டு வைத்தாள். பிரம்பு அசையவில்லை; எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாகவே இருந்தது. இப்போது நடுங்கியது சாமியாரின் முழங்கால் மட்டும்தான். மோட்டார்க்காரன் விவரமானவன், ஏற்கெனவே வண்டியைக் கிளப்பி வைத்திருந்தான்.

அந்த வாரமே துரை கங்காணியை மாற்றினார். இரட்டை வெட்டும் நின்றது. வற்றிய மரங்களில் பாதிக்கு மேல் அடுத்த வருஷம் பால் கண்டன. ராக்காயியிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. குழாயடியில் காளியம்மா மட்டும் தன் குடத்தை நகர்த்தி, “முதல்ல நீ பிடி லா,” என்றாள். ராக்காயி பிடித்தாள். சிரிக்கவில்லை. ஏன் சிரிக்க வேண்டும்?

பிரம்புச் சாமியார் அடுத்த மாதம் சித்தியவானில் வேப்பிலையோடு இறங்கியதாகச் சேதி வந்தது. அங்கேயும் நல்ல கூட்டமாம். சதாசிவம் அதை வாத்தியார்களின் வகுப்பில் சொல்லிவிட்டு, கரும்பலகையைத் துடைத்தார்.

“வெட்டி வெட்டி வற்றிய மரத்துக்கு ஓய்வு கொடுத்தால் பால் ஊறும். ஓய்வு கொடுத்தே வற்றிய மூளைக்கு வேலை கொடுத்தால்தான் ஊறும்.”