ஆறாம் பக்கத்து டிராகன்

பழைய படப் பித்தர் என்றொரு இனம் உண்டு. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் மந்திரவாதியாகவும் ஒருவர் திருடனாகவும் பேசிக்கொண்டு, பகடை உருட்டிப் பாதாளக் குகையில் புதையல் தேடும் விளையாட்டு இருக்கிறதே, அதன் முதல் பதிப்பு விதிப்புத்தகத்தையும் அதில் வரைந்திருக்கும் படங்களையும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்கள். விளையாடுவார்களா? அதற்கு எங்கே நேரம்? படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடவே ஞாயிற்றுக்கிழமை சரியாகப் போய்விடும்.

நம் கண் டாக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பதிப்பு அவருக்கு வேப்பங்காய். "பளபளன்னு இருக்கு, உயிர் இல்ல" என்பார். பழைய புத்தகத்தில் வீரனுக்கு இரண்டுமே இடது கால், பூதத்துக்குக் கழுத்தே கிடையாது, அதெல்லாம் கலை. ஆறாம் பக்க ஓரத்தில் நீல மையில் ஒரு குட்டி டிராகன், முழங்கால் பின்பக்கமாக மடங்கி நிற்கும். அதுதான் கலையின் சிகரம்.

"என் புத்தகத்துல இது இல்லையே?" என்றார் கூட்டாளி வக்கீல்.

"உன்னுது ரெண்டாவது அச்சு."

போன மாதம் டாக்டருடைய பத்து வயது மகள், அப்பாவின் ஆட்டத்துக்கென்று மூன்று நாள் மெனக்கெட்டு ஒரு டிராகன் வரைந்து நீட்டினாள். டாக்டர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் காலத்து உயிர் வரலையேம்மா."

அவள் பேனாவை டப்பாவில் போட்டு மூடியவள்தான். அப்புறம் அந்த வீட்டில் ஒரு கோடு விழவில்லை. மனைவி முறைத்தாள். டாக்டருக்கும் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

நேற்று டாக்டரின் தங்கை வந்தாள். வந்தவளைப் பெட்டியைக்கூட வைக்க விடாமல் ஆறாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார்.

"அண்ணா, இது நான் கிறுக்கினது. ஏழு வயசுல. உன் பேனாவ எடுத்தேன்னு குட்டு வெச்சியே, மறந்துட்டியா?"

டாக்டர் விடவில்லை. "அதான் சொல்றேன், அந்தக் காலத்துல சின்னப் பிள்ளைங்ககூட..." என்று ஆரம்பித்தவர், கதவோரம் மகள் நிற்பதைப் பார்த்துவிட்டார். வெட்கமாக இருந்தது. தன் சட்டைப்பைப் பேனாவை எடுத்து, புத்தகத்தோடு சேர்த்து மகள் பக்கம் நீட்டினார்.

"ஏழாம் பக்க ஓரம் காலியாத்தான் இருக்கு."

"குட்ட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். 'இப்பல்லாம் யாரு இப்படிச் செய்யறாங்க' என்று நீங்கள் தடவித் தடவிப் பார்க்கும் சாமான் ஒன்று உங்கள் அலமாரியிலும் இருக்குமே, அதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். யாருக்குக் குட்டு வைத்தோம் என்று ஞாபகம் வந்தாலும் வரும்.