என் காதுக்கு வந்த சோதனை

ஐம்பத்திரண்டு வயதில் இங்கிலீஷை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆசையினால் இல்லை, பயத்தினால்.

நான் இன்சூரன்ஸ் ஆபீசில் புகார்ப் பிரிவு கிளார்க். இருபத்தாறு வருஷமாக ஜன்னலோர நாற்காலி. புகார்கள் கடிதமாக வந்தவரை ஒரு குறையும் இல்லை, டிக்‌ஷனரியைப் புரட்டி எப்படியாவது கரை சேர்ந்துவிடுவேன். புது மேனேஜர் வந்தார். இனிமேல் புகார் எல்லாம் போனில்தான், அதுவும் இங்கிலீஷில்தான் என்றார். மூன்று மாதத்தில் ஒரு பரீட்சை. காதால் கேட்டு எழுதத் தெரிந்தவர்களுக்கு நாற்காலி. மற்றவர்களுக்கு பேஸ்மென்ட் ரெக்கார்டு ரூம்.

அந்த ரூமை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு குண்டு பல்பு, ஈரம் ஊறிய சுவர், செத்துப்போனவர்களின் பைல்கள். முன்பே அங்கே மாற்றலாகிப் போனவர் ஊரறிந்த அரட்டைக்காரர். ஆறு மாதம் கழித்து மாடிப்படியில் பார்த்து, "சௌக்கியமா?" என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பேச ஆளில்லாமல் மனுஷனுக்குப் பேச்சே விட்டுப்போயிருந்தது.

மேனேஜர் சொன்ன அன்றைக்கே காலேஜில் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். பதினெட்டு வயசுப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சு. நான் உள்ளே போனால் தொப்பை வெளியே, தொப்பை உள்ளே போனால் நான் வெளியே. வாத்தியாரம்மா டேப்பை ஓடவிடுவார். யாரோ இரண்டு பேர் வாய் நிறைய வெந்நீரை வைத்துக்கொண்டு சண்டை போடுவது போலக் கேட்கும். வகுப்பே குனிந்து எழுதும். நான் பேனா மூடியைக் கழற்றுவேன், மாட்டுவேன்.

வீட்டுப்பாடம் வேறு. தினமும் அரை மணி நேரம் ரேடியோவோ டிவியோ கேட்க வேண்டும். செய்தி, வானிலை, விளம்பரம், எதுவானாலும் காதில் விழுந்ததைத் தாளில் எழுதி வாரா வாரம் கொடுக்க வேண்டும். முதல் நாள் 'குட் ஈவினிங்' என்று எழுதினேன். இரண்டாம் நாளும் அதே குட் ஈவினிங். மூன்றாம் நாள் பாதியில் தூங்கிவிட்டேன். அதனால் 'குட் நைட்'.

அப்போதுதான் என் மனைவி ஞாபகம் வந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் பாம்புச் செவி. மூன்றாவது வீட்டில் டம்ளர் விழுந்தால் எவர்சில்வரா அலுமினியமா என்று சொல்லிவிடுவாள்.

"இந்தா பாரு, இங்கிலீஷ் ரேடியோவுல ஒரு போட்டி வச்சிருக்கான்."

"வச்சா வச்சுக்கட்டும். எனக்கென்ன?"

"தொண்ணூறு நாள் கேட்டு எழுதி அனுப்பணும். முதல் பரிசு வாஷிங் மெஷின்."

கரண்டி நின்றது. "நெசமாவா?"

"நான் என்னிக்குப் பொய் சொல்லியிருக்கேன்?"

"தேதி வாரியா சொல்லட்டுமா?"

"உனக்காகத்தாம்மா விசாரிச்சுட்டு வந்தேன். குனிஞ்சு குனிஞ்சு துவைச்சு உன் இடுப்பு என்னத்துக்காகும்?"

இருபத்து நாலு வருஷத்தில் அவள் இடுப்பைப் பற்றி நான் விசாரித்தது அதுதான் முதல் தடவை. ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, "எனக்கு இங்கிலீஷ் வராதுங்களே" என்றாள் மெதுவாக.

"வர வேண்டாம், காதுல விழுந்தா போதும். நீ எழுது. தாளை நான் தபால்ல போட்டுடறேன்."

மறுநாளே ரேடியோ அடுப்படி அலமாரியில் ஏறியது. பக்கத்தில் என் டிக்‌ஷனரி. காய் நறுக்கும்போதும் கேட்டாள், துணி தேய்க்கும்போதும் கேட்டாள். முதல் வாரம் தாளில் பாதி ஓட்டை. மூன்றாம் வாரம் முழு வாக்கியம். ஐந்தாம் வாரம் இரண்டு பக்கமும் எழுதினாள். ஒரு நாள் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு போய் குளியலறை மூலையை அளந்துவிட்டு வந்தாள். "குழாய்க்குப் பக்கத்துல கச்சிதமா உக்காரும்ங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. காபி குடித்ததும் சரியாகிவிட்டது.

வகுப்பில் என் மவுசே தனி. தாளுக்குத் தாள் சிவப்பு மையில் பாராட்டு. திருத்திய தாள்களை ஆபீஸ் டிராயரில் பூட்டி வைத்தேன்.

பத்தாவது வாரம். வாத்தியாரம்மா என் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்பைப் பார்த்து ஏதோ சொன்னார். பிறகு சத்தமாக வாசித்தார். முன் பெஞ்சு சிரித்தது. பின் பெஞ்சு சிரித்தது. எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் உம்மென்று இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! எல்லோருக்கும் மேலாகச் சிரித்தேன். தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தேன். கடைசியில் கைதட்டினார்கள். எழுந்து நின்று கும்பிடு போட்டேன்.

வாசலில், பக்கத்து பெஞ்சு பேக்கரிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குப் பெரிய மனசு சார். நானா இருந்தா இப்படி என்னைப் பத்தியே எழுதமாட்டேன்."

"என்ன... எழுதியிருந்தேன்?"

"விளையாடாதீங்க சார். 'செய்திகள். எங்கள் வீட்டுக் கணவர், மனைவி கேட்டு எழுதியதைத் தான் எழுதியதாகக் கல்லூரிக்குக் கொண்டுபோகிறார். விளம்பரம். வாஷிங் மெஷின் தருவதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள், கட்டிய கணவனே ஆனாலும். வானிலை. இன்று வீட்டில் பலத்த இடி மின்னல்.' அப்பப்பா, வயிறு வலிக்குது சார்!"

பஸ் ஏறப் பிடிக்கவில்லை. மழைத் தூறலில் நடந்தேன். கும்பிடு போட்டேனே, கும்பிடு! அதை நினைத்து நினைத்து உடம்பு கூசியது. வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படித் தெரியும்?"

"உங்க வாத்தியாரம்மா போன் பண்ணாங்க. 'எழுத்துல புலியா இருக்கார், வகுப்புல வாயே திறக்கமாட்டேங்கறார், உடம்பு கிடம்பு சரியில்லையா'ன்னு கேட்டாங்க."

"இங்கிலீஷ்லயா?"

"பின்னே?"

"உனக்குப் புரிஞ்சுதா?"

"எழுபது நாளா அதைத்தானேங்க கேட்டுட்டிருக்கேன்."

"நீ என்ன சொன்னே?"

"'ரொம்பக் கூச்சப்படுவார், அடுத்த தாளை எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசிச்சுக் காட்டுங்க, சந்தோஷப்படுவார்'னு சொன்னேன். இங்கிலீஷ்லதான்."

திட்டியிருந்தால் தேவலை. அந்தக் கயிற்றை எடுத்து என் கண்ணெதிரே சுருட்டிக் குப்பையில் போட்டாள். அவ்வளவுதான். இனிமேல் தாள் கிடையாது என்றாள். ரேடியோவை மட்டும் நிறுத்தவில்லை.

மிச்சமிருந்த இருபது நாளும் நானே கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். மூளைக்குள் ஒன்றும் இறங்கவில்லை.

பரீட்சை ஒரு சனிக்கிழமை மத்தியானம். காதில் ஹெட்போனை மாட்டினார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே என்னமோ சொன்னாள். அழுகை மட்டும் நன்றாகப் புரிந்தது. அதற்கு மார்க் இல்லையாம். திங்கட்கிழமையிலிருந்து கீழே போய்விடுங்கள் என்றார் மேனேஜர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"என்னாச்சு?" என்றாள் மனைவி.

"ரெக்கார்டு ரூமுக்கு என்னைப் பொறுப்பா போட்டுட்டாங்க."

"உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?"

"எனக்குக் கீழே தரைதான்." அதற்கு மேல் வீராப்பு தாங்கவில்லை. "அங்கே பேச ஒரு ஆள் இல்லம்மா. எனக்கு பயமா இருக்கு."

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "ஏன் இல்லாம? உங்க சீட்டுக்கு ஆள் எடுத்தாச்சு. பைல் வேணும்னு தினமும் உங்களுக்குப் போன் வரும்."

"அதுக்குள்ளயா? யாரு?"

"நான்தான்."

"நீயா?"

"ரேடியோவுல ஒரு வாரமா உங்க ஆபீஸ் விளம்பரம் சொன்னாங்க. கேட்டு எழுதத் தெரிஞ்சா போதும், பத்தாவது போதும்னு. நீங்களும் பக்கத்துல உக்காந்து தலையாட்டிட்டுதான் இருந்தீங்க. 'எப்படிங்க, நல்லாயிருக்கா?'ன்னேன். 'பிரமாதம்'னீங்க. காலையில வெளி ஆளுங்களுக்குப் பரீட்சை. போய் எழுதினேன். இப்பத்தான் போன் பண்ணிச் சொன்னாங்க."



"பைலை இங்கிலீஷ்லதான் கேப்பியா?"

"ஆபீஸ் ரூல் அதானே."

"புரியலைன்னா?"

"திருப்பிச் சொல்றேன்."

"எத்தனை தடவை?"

"பரீட்சையில டேப்பை எத்தனை தடவை போட்டாங்க?"

"ரெண்டு."

"அவ்வளவுதான்."